வேலையில்லாதவர் இல்லாத தெரு

விடிந்ததும் நெசவாளர் தெருவில் பாவு நீட்டினார்கள். மூன்று சேலைக்கான பட்டு இழைகள் ஏழெட்டு வீட்டு வாசல்களைக் கடந்து நீண்டிருந்தன. ஒரு முனையைக் கலியாணசுந்தரம் கம்பத்தில் கட்டியிருந்தார். மறுமுனையை அவர் மகன் குமரகுரு இழுத்துப் பிடித்து நின்றான். அறுந்த இழைகளைப் பக்கத்து வீட்டு நமச்சிவாயம் முடிந்துகொண்டிருந்தார். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே கை கொடுப்பது அங்கே வழக்கம்.

"வேலையில்லாதவங்க கொறைஞ்சிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கான்பா. எங்க போய் எண்ணினாங்க? எல்லாம் பொய்க் கணக்கு" என்றார் கலியாணசுந்தரம்.

"நம்ம தெருவுக்கு வந்திருக்க மாட்டாங்க" என்றார் நமச்சிவாயம்.

அன்றைக்கே வந்தாள் காயத்ரி. கணக்கெடுக்க அமர்த்தப்பட்ட தற்காலிகப் பணியாளர். பாவைத் தாண்டக் கூடாது என்று தெரிந்து சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, வேலையில்லாதவங்களுக்கு கவர்மெண்டுல பயிற்சி குடுத்து கம்பெனியில சேத்து உடப் போறாங்க. அதுக்கு லிஸ்ட் எடுக்கிறோம். உங்க வீட்ல வேலை தேடுறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

குமரகுரு நிமிர்ந்தான். டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவன். ஒப்பந்தம் முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

கலியாணசுந்தரம் நமச்சிவாயத்தை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளிக்கிழமை குமரகுருவுக்காகப் பெண் வீட்டார் வருகிறார்கள். தெருவில் விசாரிக்காமல் போவார்களா?

"எங்க வீட்ல சும்மா குந்திக்கினு சாப்பிடறவன் எவனும் இல்லம்மா. அதோ பாவு புடிச்சிக்கினு நிக்கிறானே, கண்ணுக்குத் தெரியலையா?"

"அது வீட்டு ஒத்தாசைங்க ஐயா. சம்பள வேலைன்னு..."

"எங்க பரம்பரைல வேலையில்லாதவன்னு எவன் பேரையும் எழுதினது இல்ல. தறி வேலைன்னு எழுது."

காயத்ரி குமரகுருவைப் பார்த்தாள். அவன் பாவைப் பார்த்தான்.

"வாரத்துல ஒரு மணி நேரம் செஞ்சாலும் வேலைன்னு போடலாம்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க" என்று முணுமுணுத்து எழுதிக்கொண்டாள்.

அடுத்து நமச்சிவாயத்திடம் கேட்டாள். கலியாணசுந்தரத்தின் காதில் விழும்படி அவர் வேறென்ன சொல்வார்?

"எங்க பசங்க ரெண்டு பேரும் தறிதாம்மா."

வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். காபி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் இடம். குமரகுருவுக்கு முப்பது முடிய ஐந்து நாள் இருந்தது. சான்றிதழ்களோடு போனவன் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டான்.

"என்னடா, கூட்டமா?"

"இல்லப்பா. நாற்காலிங்க காலியாதான் கெடந்துது. என் பேருக்கு நேரா வேலை இருக்குதுன்னு போட்டிருக்குது. நம்ம தெருவுல வேலையில்லாதவங்க ஒருத்தர்கூட இல்லையாம். குடுத்து வெச்ச தெருன்னு சிரிச்சாரு அங்க இருந்த சாரு."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துவிட்டு அவன் கேட்டான்:

"அடுத்து யாரு வீட்டுப் பாவுப்பா?"

கலியாணசுந்தரம் செருப்பை மாட்டிக்கொண்டு காயத்ரியைத் தேடிப் போனார். தாம் சொன்னது பொய் என்று ஒரு சின்னப் பெண்ணிடம் ஒப்புக்கொள்வது அவர் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

"லிஸ்ட் மேல போயிடுச்சுங்க ஐயா. அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை" என்றாள் அவள். சிறிது தயங்கி, "எனக்கும் இந்த மாசத்தோட வேலை முடியுதுங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் நமச்சிவாயம் வீட்டுப் பாவு. தெரு முழுக்க நின்றது. முப்பது முடிந்த குமரகுரு வழக்கம்போல முனையைப் பிடித்திருந்தான். அதைப் பார்த்த கலியாணசுந்தரத்தின் கை இழையில் நின்றுவிட்டது.

"நமச்சிவாயம், என் புள்ளைக்கு வேலை இல்ல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "பதினாறு மாசமா இல்ல."

நமச்சிவாயம் தலை நிமிராமல் ஒரு முடிச்சைப் போட்டு முடித்தார். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் இல்லண்ணா" என்றார்.

"பொய்க் கணக்குன்னு பேப்பரைத் திட்டினவன் நான். அந்தப் பொய்ய எழுதிக் குடுத்தவனும் நான்தான். கவர்மெண்டைக் கேள்வி கேக்கலாம்பா, கேக்கணும். அதுக்கு முன்னாடி வாசல்ல வந்து கேக்கறவங்ககிட்ட நாம உண்மைய சொல்லணும். என் மானத்தைக் காப்பாத்தறேன்னு என் புள்ள பேரை நானே அடிச்சிட்டேன்."