தாடியில் விழுந்த வட்டம்

குந்தவைக்கு ஏழாம் மாதம். மனைவி உண்டாகியிருக்கையில் சவரம் செய்யக் கூடாதென்று பரணிதரன் வளர்த்த தாடியில், இடது தாடையோரம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி உதிர்ந்து வழவழப்பாகிவிட்டது. புழுவெட்டு என்றார்கள். வெங்காயம் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில், குந்தவை தங்கியிருந்த பேராவூரணி மாமியார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படியில் நின்றே மனைவியிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடுவான்.

தஞ்சாவூரில் தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல தம்பி. உங்க எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குது. மாசம் ஒரு ஊசி அந்த இடத்துலயே போடுவோம். மெதுவாத்தான் முளைக்கும், முதல்ல வெள்ளையாக்கூட வரலாம்."

"அடுத்தவங்களுக்கு ஒட்டிக்குமாங்க?"

"யாருக்கும் ஒட்டாது."

ஊசி போட்டுக்கொண்ட சூட்டோடு பேராவூரணிக்கு பஸ் ஏறினான். கட்டிலில் சாய்ந்திருந்த குந்தவையின் பக்கத்தில் நேராகப் போய் உட்கார்ந்தான்.

"என்னங்க, இன்னிக்கு வாசல்ல காவல் இல்லையா?"

அவன் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"இதுக்குத்தானா? நான் குண்டாயிட்டேன், உங்களுக்குப் புடிக்கலன்னு ரெண்டு வாரமா அழுதுக்கிட்டுக் கெடந்தேன்."

பரணிதரன் அவள் கையை எடுத்து, அந்த வட்டத்தின் மேல் வைத்துக்கொண்டான்.