தொட்டால் சொல்லுங்கள்

"ஷூவைக் கழட்டுங்க" என்று செவிலியர் சொன்னதும், பஸ் டிரைவர் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "இருபத்தெட்டு வருஷமா டாக்டர் கேக்காததை இந்தம்மா கேக்குது பாரு."

டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் அந்தச் சின்ன மருத்துவமனைக்கு இவள்தான் எல்லாம். மேற்கொண்டு படித்து, நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து எழுதவும் கையெழுத்துப் போடவும் உரிமை வாங்கியவள். ஆனாலும் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே, டாக்டர் எப்போ வருவார் என்று கேட்பார்கள். டிரைவரும் கேட்டிருந்தார். நாளைக் காலை வண்டி எடுக்க வேண்டும். உடல்தகுதிப் படிவத்தில் இன்றைக்கே கையெழுத்து வேண்டும். கண் சரி, ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை மட்டும் பத்து வருடமாகக் கூடவே இருக்கிறது.

அவர் எடை பார்க்கப் போன நேரத்தில் மனைவி மேசைப் பக்கம் குனிந்து, "போட்டுக் குடுத்துடுங்க சிஸ்டர். வீட்ல உக்காந்தா அவர் அவரா இருக்க மாட்டார்" என்று சொல்லியிருந்தாள்.

வலது ஷூவைக் கவிழ்த்ததும் ஒரு ஸ்குரூ தரையில் விழுந்து உருண்டது. காலுறையின் அடியில் ரத்தம் காய்ந்திருந்தது. காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறார்.

"நம்ம வண்டியோடதுதான். தேடிட்டிருந்தேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"பிரேக்கை மிதிக்கிறது கால்ல தெரியுதா?"

"தெரியாமயா? அதான் வண்டி நிக்குதே."

செவிலியர் காயத்தைத் துடைத்துக் கட்டிவிட்டு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழை ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, முதலில் அவர் புறங்கையில் தொட்டுக் காட்டினாள். இப்படித்தான் இருக்கும், தொட்டால் சொல்லுங்கள் என்றாள்.

கால் கட்டைவிரலில் இழையை அழுத்தினாள். "ம்." சுண்டுவிரலில். "ம்." இழை வளைவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம்" என்றார் டிரைவர். கொஞ்சம் விட்டு, மறுபடியும், "ம்."

பாதத்துக்குப் பக்கத்தில் யார் கையும் இல்லை. மனைவி செவிலியரைப் பார்த்தாள், பிறகு மேசையிலிருந்த படிவத்தை. மெதுவாக எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து, கணவரின் கால் கட்டைவிரலைத் தன் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். தன் கணக்குப்படி நேரம் ஆனதும், "ம்" என்றார்.

"எல்லாம் சரியாத்தானே சொல்றேன், சிஸ்டர்?"