நல்லம்மா ஏறிய மலை

பன்வில தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வீராயியை, வேலை வாங்கும் கங்காணி அடித்ததும், இனி யாரும் கொழுந்தெடுக்கப் போகக்கூடாது என்று லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தவள் நல்லம்மா. சில நாளில் அவள் கணவன் மூக்கையா காய்ச்சலில் விழுந்தான். வேலைக்கு வராத குடும்பத்துக்கு மருந்து கிடையாது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார்.

"நான் செத்தாலும் நீ வேலைக்குப் போவாத," என்றான் மூக்கையா.

விடிந்ததும் அவள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள். வாசல்களில் நின்ற பெண்கள் பார்த்தார்கள், ஒருத்தியும் ஏசவில்லை.

மருந்து கிடைத்தது, மூக்கையா பிழைத்தான். ஆனால் அவள் போனதைப் பார்த்து மறுநாளே மற்றவர்களும் வேலைக்கு வந்துவிட்டார்கள். முகத்தில் வீக்கம் வற்றாமலே வீராயியும் வந்தாள்.

"என்னைய மன்னிச்சிரு அக்கா," என்றாள் நல்லம்மா.

"ஒம் புருசனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் வீராயி கேட்டாள். அதற்குள் கங்காணி வீராயியின் பேரைக் கூப்பிட்டான். அவள் தலைகுனிந்து அவன் முன்னே போய் நின்றாள்.