நான் மாற்றிச் சொன்ன வசனம்

எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. தொலைக்காட்சியில் தெலுங்குப் படம் ஓடினால், அடியில் வரும் மலாய் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அம்மாவுக்கு மலாய் பேச வரும். அவ்வளவு வேகமாகப் படிக்க வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிய படத்தில் ஒரு கூட்டுக் குடும்பம். மூத்த மருமகள் தினமும் எங்கேயோ போய் வருகிறாள். மாமியாருக்குச் சந்தேகம். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. என் அண்ணி லோஷினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் தொழிற்சாலை வேன் ஐந்தரைக்கே யோங் பெங் சந்திப்பில் இறக்கிவிடும். மூன்று வாரமாக அவர் ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். புதிதாக வீடுகள் கட்டிய தாமான் பக்கம் அவரைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா சொல்லிவிட்டார். தனி வீடு தேடுகிறாள், என் மகனைப் பிரிக்கப் போகிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். "படம் முடியட்டும், கேக்கறேன். போறதுன்னா இன்னைக்கே போவட்டும்" என்று காலையிலேயே என்னிடம் சொன்னார்.

அண்ணி போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்?

எனக்கு உண்மை தெரியும். போன வாரம் அந்தத் தாமானில் இருக்கும் யஹ்யா சாப்பாட்டுக் கடையில், மூலை மேசையில் அண்ணியைப் பார்த்தேன். முன்னால் பொரித்த கோழி. அண்ணியின் கணவர் குணாளன் அண்ணன் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பதால் வீடு முழுக்கச் சைவம். அது அம்மாவின் சட்டம். அண்ணி என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

படத்தில் மாமியார் கத்தினாள். மருமகள் அழுதபடி ஏதேதோ சொன்னாள்.

"என்னா சொல்றா பாப்பா?" என்றார் அம்மா.

அடியில் ஓடிய எழுத்தை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தேன். "வந்து... 'எனக்குப் பசிச்சிச்சு அத்தை. கோழி சாப்பிடத்தான் போனேன்'ங்கறா."

"அதுக்கா லா இவ்ளோ அழுவுறா?" என்றார் எங்களோடு படம் பார்த்துக்கொண்டிருந்த அர்ச்சுனன் சித்தப்பா.

அண்ணி குனிந்துகொண்டார். அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை நாளா கோழி?" கேள்வி அண்ணிக்கு.

"மூணு வாரமா அத்தை. சாம்பார் எறங்க மாட்டேங்குது."

"அப்ப வீடு பாக்கப் போவல?"

"என்ன வீடு?"

"அலமாக்! நான் மூணு வாரமா தூங்காம கெடக்கறேன், நீ கோழி தின்னியா? என் புள்ள காவடி எடுக்கறான்டி!"

"அதான் பயந்துபோய் வெளியவே சாப்பிட்டேன். கோவிச்சுக்காதீங்க அத்தை."

அம்மா கோபமாகத்தான் முறைத்தார். ஆனால் உதடு துடித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு கதி என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்" என்று சித்தப்பா திரையைக் காட்டினார். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மாலை வெளிக் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் அண்ணியின் துண்டும் தயாராக இருந்தன. "கோழி தின்னுட்டு வந்தா குளிச்சிட்டு உள்ள வரச் சொல்லு" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.