தாம்பூலப் பையும் சிவப்பு வட்டமும்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைப் படத்தில் பிறந்தது. ஹைதராபாத்தின் மாலைப் பத்திரிகை ஒன்றில், நில ஊழலில் சிக்கிய எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பெண்மணி பை கொடுக்கிறாள். பையின் வீக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே தலைப்பு: "பைக்குள் எத்தனை கோடி? யார் இந்த மர்மப் பெண்?" பத்திரிகை எதையும் சொல்லவில்லை, கவனியுங்கள்; கேட்கத்தான் செய்கிறது. கேட்டால் கேஸ் போட முடியாதாமே!

2

இப்படி ஆரம்பித்தேன்: 'மல்காஜ்கிரியில் ஒரு மர்மமான மாலை. அலமுவின் கண்களில்...'

(அடித்துவிட்டேன். எனக்கும் மர்ம வியாதி தொற்றிக்கொண்டது, பாருங்கள்.)

நேராகவே சொல்கிறேன். அலமு மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். மகள் சாஹித்யாவின் கல்யாணத்துக்கு வந்த எல்லோருக்கும் போல அந்த எம்.எல்.ஏ.வுக்கும் தாம்பூலப் பை கொடுத்தாள். வீக்கம், தேங்காய். பையில் அச்சடித்த மணமக்கள் பெயரை மங்கலாக்கி, பின்னால் நின்ற கல்யாணக் கூட்டத்தையும் வெட்டிவிட்டுத்தான் பத்திரிகை படத்தைப் போட்டது. ஆபீஸில் விசாரணை. கல்யாண ஆல்பத்தைக் காட்டினாள். "ஆல்பம் போதாது. பத்திரிகையே மறுத்து எழுதட்டும், இல்லாவிட்டால் சஸ்பென்ஷன்" என்றார் மேலதிகாரி.

3

(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். மசியவில்லை. கோபம் தலைக்கேறி நின்றாள்.)

"அந்த எடிட்டர் தேவராஜ் நம்ம செகந்திராபாத் தமிழர்தானே? தேங்காய்னு தெரியாமலா வட்டம் போட்டாரு?"

"காய்கூ, எதுக்கு இந்த வம்பு, அலமு? விட்டுடு" என்றார் கணவர் பழனிசாமி, பாதி ஹைதராபாத் உருதுவில்.

"நக்கோ! விட முடியாது. கிளம்புங்க. போனை மறக்காதீங்க."

மிச்சமிருந்த பை ஒன்றோடு நேரே தேவராஜின் அறைக்குள் நுழைந்தாள். "பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வரலையே சார், எடுத்துக்கோங்க." பையைப் பார்த்ததுமே அவருக்கு அவள் யாரென்று புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்தார்; பழக்க தோஷம், இரண்டு கைகளும் தாமாக நீண்டன. தாம்பூலத்தை வேண்டாமென்று சொல்ல எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? பழனிசாமி படம் எடுத்தார்.

அன்று மாலையே அலமு குடியிருக்கும் மல்காஜ்கிரியின் வாட்ஸ்அப் குழுக்களில் அது பறந்தது, சிவப்பு வட்டத்தோடு: "பைக்குள் எத்தனை கோடி? ஆசிரியர் மௌனம் ஏன்?" சபாஷ், அலமு!

4

முடிவு ஒன்று: தேவராஜ் காலில் விழுகிறார். (சினிமாத்தனம். வேண்டாம்.)

முடிவு இரண்டு: எம்.எல்.ஏ.வும் உத்தமர் என்று... (ஐயையோ, அதற்கு நான் உத்தரவாதம் இல்லை. நில ஊழல் நில ஊழல்தான்.)

நடந்தது இதுதான். தேவராஜ் போன் செய்தார்.

"அம்மா, ஊரே சிரிக்குது. மறுப்பு போட்டுடறேன்."

"எங்க?"

"உள்பக்கத்துல, சின்னதா..."

"முதல் பக்கம். அதே அளவு. வெட்டாத படம்."

"சரிம்மா. தலைப்பு?"

"நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

ஜெயித்துவிட்டாள்! வேலை தப்பியது. அலமுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் பக்கத்தின் முழு அகலமும் அவளுக்காகக் காலியாக இருக்கிறது, ஆசிரியர் பேனாவோடு லைனில் காத்திருக்கிறார். அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, வாசகரே, உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, என்ன போடலாம்?"