நைட் ஹால்ட் இல்லாத விடுமுறை

ஏழு ஐம்பது பேருந்து ஏழு ஐம்பதுக்கு எப்படி வருகிறது என்று நிறுத்தத்தில் நிற்பவர்கள் யோசிப்பதில்லை. வந்தால் ஏறிக்கொள்கிறார்கள், வராவிட்டால் திட்டுகிறார்கள். ஆனால் அந்த ஏழு ஐம்பதுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். டிப்போவின் முதல் மாடியில், டீசல் வாசனை ஏறிவரும் ஜன்னலுக்குப் பக்கத்தில், கூராகச் சீவிய வண்ணப் பென்சில்களோடு. இந்த டிப்போவில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மேசை அகலத்துக்கு ஒரு தாள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக ஊர்கள்: அடியில் டிப்போ, அதற்கு மேல் முதல் நிறுத்தம், இப்படித் தொலைவு கூடக்கூட மேலே. தாளின் குறுக்கே நேரம், காலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை. ஒவ்வொரு பேருந்தும் ஒரு கோடு. கோடு ஏறினால் வண்டி போகிறது, இறங்கினால் திரும்பி வருகிறது. செங்குத்தாக இருந்தால் வேகம், சாய்வாக இருந்தால் மெதுவு. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு ஓட்டுநர்கள் எதிரெதிரே கடந்து போகிறார்கள். எந்த வண்டி எப்போது எங்கே இருக்கும் என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். அருமையான ஏற்பாடு.

கோடு ஏறாமலும் இறங்காமலும் படுத்துக்கிடந்தால், வண்டி சும்மா நிற்கிறது என்று அர்த்தம். இருபத்தாறு வருடம் இந்தத் தாளைப் பார்த்த கண்ணுக்குப் படுத்துக்கிடக்கும் கோட்டைக் கண்டாலே ஆகாது.

அதைவிட ஆகாதது நைட் ஹால்ட். கடைசி நடையை முடித்த வண்டி டிப்போவுக்குத் திரும்பாமல் வெளியூரிலேயே இரவு தங்குவதற்கு அந்தப் பெயர். தங்கினால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அறை வேண்டும். வண்டியைக் கழுவ ஆள் இல்லை. காலையில் கிளம்பாவிட்டால் பார்க்க மெக்கானிக் இல்லை. நிமிஷம் அந்த நாற்காலிக்கு வந்தபோது நாற்பத்தோரு வண்டிகள் நைட் ஹால்ட் போட்டன. பதினோரு வருடத்தில் அதை மூன்றாகக் குறைத்தார். அந்த மூன்றைப் பற்றிப் பேச்சு வந்தால், வீட்டில் அடங்காத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதுபோல முகம் சுருங்கிவிடும்.

அவர் மனைவி அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவர். அங்கேயும் நேரம்தான். எடுத்த ரத்தம் உறையக் காத்திருக்க வேண்டும், பிறகு சுழற்ற வேண்டும், மருந்து கலந்தபின் குறித்த நிமிடத்தில் அளவு பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டைமர், ஒவ்வொரு டைமருக்கும் ஒரு ‘பீப்’. பத்தொன்பது வருடமாகப் பகல் முழுவதும் அது கூப்பிட்டால் எழுந்து ஓடியவர். தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் அவருக்கு விடுப்பு கிடைத்ததில்லை. இந்த வருடம் ஆய்வகத்துக்குப் புதிய இயந்திரம் வருகிறது, பொருத்தப் பத்து நாள் ஆகும், அதுவரை பூட்டு. புதிய இயந்திரம் இரவிலும் ஓடும் ரகம். அது வந்துவிட்டால் விடுப்பு என்ற வார்த்தையையே மறந்துவிடலாம் என்று தலைமை மருத்துவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அதனால் அந்தப் பத்து நாள்தான். அவர்கள் நாட்டில் வருடத்தில் பத்து மாதம் வெயில். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து துணி காயப்போடுவதுபோலத் தங்களைக் காயப்போட்டுக்கொண்டு போவார்கள். இங்கேயே பிறந்த இந்தக் குடும்பம் பார்த்ததெல்லாம் மொட்டை மாடி வெயில் மட்டும்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும்,” என்று மனைவி சொன்னார். “காலையில கண்ண முழிச்சா, படுத்த இடத்துல இருந்தே கடல் தெரியணும். எந்திரிக்கறதா வேண்டாமான்னு நானே முடிவு பண்ணணும். பத்து நாளும்.”

நிமிஷம் காதில் வாங்காமல் இல்லை. நோட்டை எடுத்து ‘கடல் – தேவை’ என்று எழுதினார். டிப்போவில் பொதுமக்கள் கோரிக்கையையும் அப்படித்தான் எழுதுவார்கள். எங்கள் தெருவில் பேருந்து நிற்க வேண்டும் என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டது என்று பதில் போகும். அதன்பிறகு வண்டி அந்தத் தெருவில் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் தாளை விரித்தார். இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது. பயணத்தில் சேர்ந்துகொள்வதாக இருந்த மைத்துனரும் வந்திருந்தார். அவருக்கு ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழில். எதையும் முதலில் பின்பக்கமாகப் பார்க்கும் பழக்கத்தில் தாளின் மறுபக்கத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

“என்ன மாமா இது, யாரோட இசிஜி? பொழைப்பாரா?”

“உக்காரு மாப்ள. நாட்டோட அஞ்சு பகுதி. வடக்க மலை, மேற்க பழத்தோட்டம், கிழக்க ஏரிங்க, நடுவுல உப்பளம், தெக்க கடல். போகவர ஒவ்வொரு நாள் போக, எட்டே நாள். ஒரு பகுதி கூட விடல.”

“நாலு கலர்ல இருக்கே?”

“கருப்பு நான். பச்சை உங்க அக்கா. நீலம் பொண்ணு. சிவப்பு நீ.”

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். “எல்லாரும் ஒண்ணாத்தானே போறோம்? எதுக்குப்பா தனித்தனிக் கோடு?”

அதைக் கேட்கத்தான் அவர் காத்திருந்தார். பழத்தோட்டத்துக்குள் ஓடும் வண்டியில் ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் ஏறலாம். நான்கு பேரும் வரிசையில் நின்றால் முப்பத்தைந்து நிமிடம் வீண். அதனால் மூன்றாம் நாள் இரண்டு பேர் வடக்கு வாசலில் ஏறுவார்கள், இரண்டு பேர் தெற்கு வாசலில். பென்சில் முனையால் தாளில் ஒரு புள்ளியைத் தொட்டார். “இங்க பாரு. ஒன்பது அம்பத்தி ரெண்டு. பாலத்துக்கிட்ட நாலு பேரும் கிராஸ் ஆகறோம்.”

“கிராஸ் ஆகி?” என்றார் மைத்துனர்.

“கை காட்டிக்கலாம்.”

மகள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரத்தில் தேறிக்கொண்டு, “இதுல பாத்ரூம் எங்கப்பா இருக்கு?” என்றாள்.

“அது இல்லாம இருக்குமா? ஒவ்வொரு இடத்துலயும் நாலு நிமிஷம் விட்டிருக்கேன்.”

“ஆளுக்கு நாலா?”

“மொத்தமா நாலு.”

மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். தினமும் இயந்திரம் கக்கும் கோடுகளைப் படித்து யாருக்கு என்ன நோய் என்று சொல்பவர். அவருக்கு இந்தத் தாளைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் கோட்டில் விரலை வைத்தார். விரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது.

“தினமும் ராத்திரி ஒன்பது அம்பதுக்கு எல்லாக் கோடும் அடியில வந்து விழுதே. அடியில என்னங்க இருக்கு?”

“டிப்போ,” என்றார் நிமிஷம். உடனே, “லாட்ஜ்,” என்றார்.

“ஒன்பது ராத்திரியும் ஒரே லாட்ஜா?”

“அதான் இதுல விசேஷமே. நாட்டுக்கு நட்டநடு ஊர். அங்க இருந்து எந்தப் பக்கம் போனாலும் நாலு மணி நேரத்துக்கு மேல ஆகாது. காலையில அஞ்சு இருபதுக்குக் கிளம்பறோம், ராத்திரி திரும்பறோம். பெட்டிய ஒரே தடவ பிரிச்சாப் போதும். ஒரு நைட் ஹால்ட் கூட இல்ல.”

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில், தானே அடக்கி வைத்திருந்த ஒரு சந்தோஷம் மெல்ல வெளியே வந்தது. விடுமுறை என்பதே நைட் ஹால்ட்தான் என்பது மூன்று வாரத்தில் ஒரு தடவை கூட அவருக்குத் தோன்றவில்லை. மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“சரி. கடல் எங்க?”

“இருக்கே. ஆறாம் நாள். பதினொண்ணு நாப்பதுல இருந்து ஒண்ணு இருபத்தஞ்சு வரைக்கும்.”

“மத்தியானமா?”

“வெயில் நல்லா இருக்கும்.”

“நான் காலையிலன்னு சொன்னேன்.”

நிமிஷம் நோட்டைப் புரட்டினார். உரிய பக்கத்தைக் கண்டுபிடித்து மனைவி பக்கமாகத் திருப்பிக் காட்டினார். “நோட்டுல காலைன்னு இல்லையே.”

மனைவி நோட்டைப் பார்க்கவில்லை. “அந்த லாட்ஜ்ல ஜன்னலத் திறந்தா என்ன தெரியும்?”

“பஸ் ஸ்டாண்ட். நேர் எதிர்ல. நாலாவது பிளாட்பாரம் வரைக்கும் தெளிவாத் தெரியும்னு கேட்டு வெச்சிருக்கேன். வண்டி உள்ள வர்றதப் பாத்துட்டே நாம எறங்கிப் போனாப் போதும்.”

மனைவி அங்கே கிடந்த ரப்பரை எடுத்தார். முதல் நாளின் பச்சையில் தொடங்கி ஒவ்வொரு ஏற்றமாக, ஒவ்வொரு இறக்கமாக அழித்தார். அவசரப்படவில்லை. ஊதி ஊதித் துகளைத் தள்ளினார். எட்டு நாளையும் அழித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பச்சைப் பென்சிலை எடுத்து, தென்கோடிக் கடற்கரை ஊரின் வரிசையைத் தேடிப் பிடித்து, முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பத்தாம் நாள் காலை வரைக்கும் ஒரே கோடு இழுத்தார். தட்டையான, படுத்துக்கிடக்கும் கோடு.

“என்ன பண்றே? வண்டி நிக்குது,” என்றார் நிமிஷம்.

“நிக்கட்டும்.”

“ஒன்பது நாளா?”

“ரிப்பேர்னு வெச்சுக்கோங்க.”

“நாலு பேருக்குப் போட்ட பிளான்டி இது. ஒரு கோட்ட எடுத்தா மொத்தமும் கலையும். பழத்தோட்டத்துல பொண்ணுக்கு ஜோடி இல்ல.”

“அது பிரச்சனையில்லப்பா,” என்றாள் மகள். “நீலத்தையும் அம்மா பக்கத்துலயே படுக்க வெச்சிடுங்க.”

நிமிஷம் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கைபேசியைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை என்றாலும்.

“மாமா, நானே சொல்லணும்னு இருந்தேன். இந்த வெயில்ல ஊர்ல எத்தன ஃபிரிட்ஜ் வாயப் பொளந்துட்டு நிக்குதோ தெரியல. நமக்கு சீசனே இதானே. நான் இங்கயே இருந்துடறேன். சிவப்ப அழிச்சிடுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.”

நீலம் பச்சைக்குப் பக்கத்தில் படுத்தது, சிவப்பும் போயிற்று. தாளில் ஏறி இறங்க எஞ்சியது ஒற்றைக் கருப்புக் கோடு. நிமிஷம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. மகளுக்கே மனசு கேட்கவில்லை. எழுந்து அவர் தோளில் கை வைத்து, “அப்பா, நீங்களும் எங்ககூடக் கடலுக்கே வந்துடுங்களேன்,” என்றாள்.

அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. கணக்கு ஓடியது. நான்கு பேர் இறங்கி நான்கு பேர் ஏறுவதற்கும் ஓர் ஆள் இறங்கி ஏறுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம். பெட்டி இல்லை, யாரும் பின்தங்க மாட்டார்கள், படமெடுக்க நிற்க மாட்டார்கள். பழத்தோட்டத்தில் எந்த வாசலில் வேண்டுமானாலும் ஏறலாம். நான்கு நிமிடம் விட்ட இடங்களில் ஒரு நிமிடமே தாராளம். இப்படி மிச்சமாவதை எல்லாம் சேர்த்தால் அரை நாளுக்கு மேல் வருகிறது. அரை நாள் இருந்தால், இத்தனை நாள் எட்டாது என்று விட்டு வைத்திருந்த கிழக்குத் தீவுக்குக் பிற்பகல் படகில் போய்க் கடைசிப் படகில் திரும்பிவிடலாம். ஐந்து பகுதி ஆறாகிவிடும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சில் சீவியைத் தேடினார்.

மைத்துனர் நைசாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவி கடற்கரை ஊரில் ஒரு தங்கும் விடுதியின் எண்ணைத் தேடி எடுத்து, மேசைக்கு அந்தப் பக்கமாக நின்றபடியே கூப்பிட்டார். முதலில் கேட்டது படுக்கை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது என்று. பதிலைக் கேட்டபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார்.

“ஏங்க, எத்தன பேருன்னு கேக்கறாங்க.”

நிமிஷம் தலை நிமிரவில்லை. அளவுகோலை வைத்து ஒரு கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். “எட்டாம் நாள் பன்னெண்டு பத்துக்கு அந்தப் பக்கமா வர்றேன். ஒண்ணேகாலுக்கு அடுத்த வண்டி இருக்கு. அத விட்டா தீவுக்குப் படகு கெடைக்காது.”

மனைவி கொஞ்ச நேரம் அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைபேசியில் அந்தப் பக்கத்து ஆள் இருமுறை ஹலோ சொல்லியாயிற்று.

“லைன்லதாங்க இருக்கேன்,” என்றார். “ரெண்டு பேர், ஒன்பது ராத்திரி. எட்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் இன்னொருத்தர் வருவாரு. ஆமாங்க, தெரிஞ்சவருதான்.”