நடுவில் நின்ற தாளம்

“மச்சான், உங்கட அம்மாவிட்ட எப்ப கேக்கப்போறியள்?”

“திருவிழா முடியட்டும், மேனுகா.”

“எந்த வருசத்துத் திருவிழா?”

“ஏன் இப்பிடிக் கொதிக்கிறீர்? அம்மான்ர முகம் நல்லா இருக்கிற நேரமாப் பாத்துத்தானே கேக்க வேணும்.”

போன வருடம் குளக்கட்டில் நின்று நானும் கிருசாந்தனும் பேசியது இவ்வளவுதான். அதற்குப் பிறகு தன் அம்மாவின் முகம் ஒரு நாளும் நல்லாக இருக்கவில்லை என்று அவர் சாதித்தார். அவருடைய அம்மா பத்மாசனி மாமியின் முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது மலரும் நேரத்துக்குக் காத்திருந்தால் எனக்குத் தலை நரைத்துவிடும். பயந்த மனிதருக்குச் சாட்டுச் சொல்ல ஒரு முகம் போதும்.

மாமி என் அப்பாவின் அக்கா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால்தான். ஆனாலும் அப்பாவும் மாமியும் வருடக்கணக்காகப் பேசுவதில்லை. காரணம் காளாஞ்சி. ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அன்றைய செலவும் எங்களுடையது, பெருமையும் எங்களுடையது. பூசை முடிந்ததும் ஐயர் உபயகாரர் கையில் முதலில் கொடுக்கும் தட்டுத்தான் காளாஞ்சி. அதில் அரைத் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஒரு பூமாலை இருக்கும். அப்பப்பா வீரகத்தி இருந்தவரை அவர் வாங்கினார். அவர் போன பிறகு, மூத்தவள் என்று அக்காவும் ஆண்பிள்ளை என்று தம்பியும் கை நீட்டினார்கள். அரைத் தேங்காய்க்கு இரண்டு பெரிய மனிதர்! யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் என்னென்ன சாமானை வழியில் தொலைத்தார்களோ தெரியாது. இந்த வீம்பை மட்டும் கீறல் விழாமல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

இந்த முறை சண்டை மேளத்தில் வந்து விழுந்தது. பூவரசங்குளத்தில் ஒரு நாதஸ்வரக்காரரும் ஒரு தவில்காரரும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் சேர்ந்துதான் வாசிப்பார்கள். மாமி அவர்களைக் கேட்கப் போகிறா என்று கேள்விப்பட்ட அப்பா, முந்திக்கொண்டு பஸ் ஏறிப்போய் நாதஸ்வரக்காரருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்து வந்தார். நாதஸ்வரம் வந்தால் தவில் தானாக வரும் என்பது அவருடைய எண்ணம். அதை அறிந்த மாமி மறுநாளே போய்த் தவில்காரருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தா. தவில் வந்தால் நாதஸ்வரம் எங்கே போய்விடும் என்பது அவவுடைய எண்ணம். இரண்டு பேரும் ஒரே கட்டளையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்: மற்ற வீட்டோடு சேர்ந்து வாசிக்கக் கூடாது.

ஆகவே திருவிழாவன்று நாதஸ்வரம் அப்பாவோடு வடக்கு வீதியில் நின்றது. தவில் மாமியோடு தெற்கு வீதியில் நின்றது. தாளம் போடுகிறவரை ஒருவரும் கூப்பிடவே இல்லை. அவரைக் கூப்பிட்டு யாருக்கு என்ன பெருமை?

ஒலிபெருக்கி கட்ட வந்த மீராசாகிபு நானா மைக்கைப் பிடித்தபடி கோயில் வாசலில் திகைத்து நின்றார்.

“ஊதல் ஒரு பக்கம், அடி மத்தப் பக்கம். நான் இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது, ஜனார்த்தனன் அண்ணை? நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வரட்டோ?”

அப்பா நாதஸ்வரக்காரருக்குக் கையைக் காட்டினார். நாதஸ்வரம் தனியே கிளம்பியது; தாயைத் தேடும் கன்றுக்குட்டி மாதிரிக் கத்தியது. தவில் தனியே கிளம்பியது. கூரைத் தகரத்துக்கு யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்பா கச்சேரி கேட்பவர்போலத் தலையாட்டினார். மாமி அவரை விடப் பலமாக ஆட்டினா.

ஐயர் வெளியே வந்தார். “மேளம் இல்லாமல் சாமி எழும்பாது. இப்ப கேக்கிறது மேளமில்லை,” என்றார். ஒருவரும் அசையவில்லை. அவர் உள்ளே போய்க் கோயிலின் வெண்கலத் தாளத்தை எடுத்துவந்து, கண்ணில் பட்ட முதல் ஆளின் கையில் திணித்தார். அது என் மச்சான்.

“நடுவில நில்லும். தட்டும்.”

நடுவில் நிற்பதற்குக் கிருசாந்தனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பிறந்ததிலிருந்து அவர் செய்வது அது ஒன்றுதான். அம்மாவையும் பார்க்காமல், மாமாவையும் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு தட்டினார். ஆனால் பிசகாமல் தட்டினார். நாதஸ்வரம் அந்தத் தாளத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு சங்கதியை எறிந்துவிட்டு நின்றது. தெற்குப் பக்கத்தில் தவில்காரரின் விரல்கள் பொறுக்கவில்லை. பதில் வந்தது.

“என்ன இது?” என்று மாமி சீறினா.

“அந்த வீட்டுக்கு இல்லையம்மா. நான் தாளத்துக்கு அடிக்கிறன்,” என்று சொல்லிக்கொண்டே அவர் நடக்கத் தொடங்கினார். நாதஸ்வரக்காரரும் நடந்தார். வாசலில் இருவரும் சேர்ந்தபோது மீராசாகிபு நானா மைக்கை நடுவில் நட்டார். சாமி எழும்பியது.

அப்பா சாமி தூக்கும் முன்தண்டில் தோள் கொடுத்திருந்தார். மேற்கு வீதியில் திரும்பும்போது மாமி தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தா. திடீரென்று, “தம்பி, முன்னுக்குப் பள்ளம்!” என்று கத்தினா.

“ஓமக்கா,” என்றார் அப்பா.

இத்தனை வருட வீறாப்பும் ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. சுற்றி முடிந்ததும் கோயில் தலைவர் மைக்கைப் பறித்து, இசைதான் மனிசரைச் சேர்க்கிறது என்று பேசினார். காளாஞ்சிக் கதையை இரண்டு வீட்டிலும் ஏறி இறங்கி ஊதிவிட்டவர் அவர்தான்.

நான் கிருசாந்தனிடம் போனேன்.

“மச்சான், அங்க பாருங்கோ. மாமின்ர முகம் நல்லா இருக்கு. கேளுங்கோ.”

“இப்பவோ? இப்பத்தானே ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கினவை. குழப்பக் கூடாது, மேனுகா. அடுத்த திருவிழா…”

“முதல்ல அந்தத் தாளத்தைக் கீழ வையுங்கோ.”

ஐயர் காளாஞ்சித் தட்டோடு வந்து நின்றார்.

“அக்கா வாங்கட்டும்,” என்றார் அப்பா.

“இல்லை, தம்பி வாங்கட்டும்,” என்றா மாமி.

“மூத்தவள் நீ இருக்க நான் வாங்கிறதோ?”

“ஆம்பிளைப் பிள்ளை நீ இருக்க நான் தொடுறதோ?”

பிடுங்குவதில் போட்டி போட்டவர்கள் இப்போது விட்டுக்கொடுப்பதில் போட்டி. இதுவும் இன்னும் சில வருடம் ஓடும். யார் தொடங்குவது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மச்சான் நிலத்தைப் பார்த்தார்.

நான் போய்த் தட்டை வாங்கினேன். மாமிக்கு முன்னால் நீட்டினேன்.

“மாமி, உங்கட மகன் இந்தச் சென்மத்தில கேக்க மாட்டார். நான் கேக்கிறன். அவரை எனக்குக் கட்டித் தாறியளோ?”